இரண்டு கையால் பவுலிங் போடும் பையன்: ஜேசன் பெல்மான்டி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

லேன்_ஓரத்து_அப்பா:
கிரிக்கெட் இல்லை, பத்து பின்களைச் சாய்க்கிற பவுலிங். பையனுக்கு 9 வயது. லீவில் சும்மா ஒருநாள் கூட்டிப்போனேன், பிடித்துக்கொண்டான், இப்போது ஞாயிறு தவறாமல் போகிறோம். அவன் கட்டைவிரலைப் பந்தின் துளைக்குள் விடவே மாட்டான், இரண்டு கையாலும் பந்தை அணைத்துக்கொண்டு நாலைந்து எட்டு ஓடி இடுப்புக்குப் பக்கத்திலிருந்து விடுவான், பந்து ஓரமாகப் போய்க் கடைசியில் வளைந்து உள்ளே பாயும். போன வாரம் அங்கே வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் நிறுத்தி, "இது பவுலிங்கே இல்லை தம்பி, ஒரு கையால் போடு" என்றார். பையன் முகம் சுண்டிப்போய்விட்டது, அப்புறம் அன்றைக்குப் பந்தைத் தொடவே இல்லை. பக்கத்து லேனில் இருந்தவர் மெதுவாக வந்து "பெல்மான்டி இப்படித்தான் போடுவார்" என்றார். வீடியோக்கள் பார்த்தேன். எனக்கு வேண்டியது அவர் எப்படி வளர்ந்தார் என்பது. பையனை மாற்றச் சொல்லவா, விட்டுவிடவா?

பத்தாவது_பின்:
விட்டுவிடுங்கள் சார். நான் பதினைந்து வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெல்மான்டி 1983-ல் பிறந்தவர், ஊர் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தின் ஆரஞ்சு, சிட்னியிலிருந்து மேற்கே உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா அம்மா அங்கே பவுலிங் சென்டர் நடத்தினார்கள். ஒன்றரை வயதிலேயே பந்தைத் தொட்டுவிட்டார், அந்த வயதில் அதை ஒரு கையால் தூக்க முடியுமா, இரண்டு கையாலும் தள்ளினார். வளர்ந்த பிறகு ஒழுங்காக ஒரு கையால் போடு என்று அவரிடமும் நிறையப் பேர் சொன்னார்கள். அவர் மாறவில்லை, அவ்வளவுதான் கதை. உங்கள் பையனிடம் அந்தப் பெரியவர் சொன்ன அதே வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவர்தான் அவரும்.

அமெரிக்காவின் தொழில்முறை பவுலிங் தொடரான பிபிஏவில் 2008-09 சீசனின் சிறந்த புதுமுகம், 2009-ல் முதல் பட்டம். அமெரிக்க பவுலிங் அமைப்பான யூஎஸ்பிசி நடத்தும் மாஸ்டர்ஸ் போட்டியை 2013, 14, 15 என்று தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்தார், அதற்கு முன் யாரும் செய்ததில்லை. மேஜர் எனப்படும் பெரிய ஐந்து போட்டிகளின் பட்டங்களில் அமெரிக்க வீரர்கள் ஏர்ல் ஆன்டனியும் பீட் வெபரும் ஆளுக்கு 10 வைத்திருந்தார்கள், 2019-ல் 11-வதை எடுத்து இருவரையும் தாண்டினார். 2020-ல் யூ.எஸ். ஓப்பனும் கைக்கு வந்ததும் ஐந்து மேஜர்களும் முடிந்தன, அவருக்கு முன் ஐந்தையும் வென்றவர் மைக் ஆல்பி ஒருவர்தான். 2023 டூர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸோடு மேஜர் 15 ஆனது. வருஷத்தின் சிறந்த வீரர் விருது 7 முறை, அமெரிக்க வீரர் வால்டர் ரே வில்லியம்ஸுக்குச் சமம். இத்தனையும் குடும்பத்தை ஆஸ்திரேலியாவில் விட்டுவிட்டு சீசன் சீசனாக அமெரிக்காவுக்குப் பறந்து போய் எடுத்தது, அதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன்.

பழைய_இடதுகை:
அந்தப் பெரியவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம் தம்பி, எனக்கும் ரொம்ப நாள் அதே எண்ணம்தான். கட்டைவிரல் முதலில் கழன்று, நடு விரலும் மோதிர விரலும் பந்தைச் சுழற்றிவிடும் அந்த நொடியைத்தான் வருஷக்கணக்காகப் பழகினோம், இவர்கள் கட்டைவிரலே இல்லாமல் நிமிஷத்துக்கு 500 சுற்றுக்கு மேல் சுழற்றுகிறார்கள் என்றால் மனசு ஒப்பவில்லை. ஒருநாள் வேகம் குறைத்த வீடியோவில் பெல்மான்டியின் இடது கையை மட்டும் பார்த்தேன். பந்து முன்னால் வரும்போதே அது விலகிவிடுகிறது, கடைசியாகப் பந்தில் இருப்பது வலது கையின் இரண்டு விரல்தான். இரண்டு கை பாணி என்று பேர்தான், பந்தை விடுவது ஒரு கை. அன்றோடு என் வாதம் தீர்ந்தது.

என் ஆள் ஏர்ல் ஆன்டனி. அமெரிக்காவின் டகோமா ஊர்க்காரர், இடது கை, கண்ணாடி, ஒட்ட வெட்டிய முடி. மளிகைக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார், இருபது வயதைத் தாண்டித்தான் பவுலிங்குக்கே வந்தார். 1963-ல் பிபிஏ தொடருக்குப் போய் ஒன்றும் நடக்காமல் ஊருக்குத் திரும்பியவர், 1970-ல் முதல் பட்டம் எடுத்தார். 1975-ல் ஒரே சீசனில் 1 லட்சம் டாலர் சம்பாதித்த முதல் பவுலர். 1978-ல் மாரடைப்பு. அதற்கப்புறம் 1981, 82, 83 மூன்று வருஷமும் சிறந்த வீரர் அவர்தான்! ஒருவர் தவழும் வயதில் ஆரம்பித்தார், இன்னொருவர் வேலைக்குப் போன பிறகு. 9 வயதுப் பையனுக்கு இப்போதே எதையும் தீர்மானிக்க என்ன அவசரம்?

ஸ்பேர்_முக்கியம்:
பாணியை விடுங்கள் அண்ணா, பந்தைக் கவனியுங்கள். வாடகைப் பந்தில் துளைகள் பெரியவர் கைக்குப் போட்டவை, பையன் விரல் முதல் கணுவரைகூட ஒழுங்காக உட்காராது, இறுக்கிப் பிடித்துப் பிடித்து விரல் நுனி சிவந்துவிடும். போட்டிக்கு அனுப்பும் யோசனை இருந்தால் அவன் விரலுக்கு அளவெடுத்து இரண்டே துளை போட்ட பந்து வாங்கிக் கொடுங்கள். யூஎஸ்பிசி விதிப்படி 2020 ஆகஸ்டிலிருந்து, பிடிக்கப் பயன்படுத்தாத கட்டைவிரல் துளை பந்தில் இருக்கக் கூடாது.

இன்னொன்று. பந்து திரும்பி வந்ததும் அதன் மேல் மெல்லிய எண்ணெய்க் கோடு வளையமாக ஒட்டியிருக்கும், துண்டால் துடைப்பதற்கு முன் அவனிடம் காட்டுங்கள். லேன் 60 அடி, முன்பகுதியில்தான் எண்ணெய், அங்கே வழுக்கும், காய்ந்த இடத்தில் பிடித்து வளையும். ஆட ஆட எண்ணெய் நகரும், காலையில் ஸ்ட்ரைக் (ஒரே பந்தில் பத்துப் பின்னும்) விழுந்த அதே கோட்டில் மதியம் போட்டால் பந்து முன்கூட்டியே வளைந்துவிடும். அதைப் படித்து நிற்கும் இடத்தைத் தரையின் நீளவாட்டுப் பலகைகளில் இரண்டு தள்ளிக்கொள்ள ஒன்பது வயதுக்குத் தெரிந்துவிட்டால், எத்தனை கையால் போட்டால் என்ன.

லேன்_ஓரத்து_அப்பா:
எல்லாருக்கும் நன்றி. இடது கை விலகும் அந்த வீடியோவைப் பையனோடு உட்கார்ந்து பார்த்தேன், நாலு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். அப்புறம் சோபாத் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலில் ஓட ஆரம்பித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை துண்டு எடுத்துக்கொண்டு போகிறோம். அளவெடுத்துத் துளை போடுபவர் சென்னையில் யாராவது தெரிந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.