470 வகைப் படகு: பலத்த காற்றில் பாய்மரத்தைப் பின்னால் சாய்க்கலாமா?

வாடைக்காற்று:
இருவர் ஓட்டும் சிறிய பந்தயப் பாய்ப்படகான 470-இல், 18 நாட் (மணிக்குச் சுமார் 33 கி.மீ.) காற்றுக்கு எதிரே ஏறும்போது படகின் மூக்கு ஓயாமல் காற்றை நோக்கியே திரும்புகிறது என்றும், டில்லரை (சுக்கானைத் திருப்பும் கைப்பிடியை) இழுத்துப் பிடித்தே தோள் வலிக்கிறது என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கச்சான், அவரிடம் நீங்கள் பாய்மரத்தை இன்னும் பின்னால் சாய்க்கச் சொல்லியிருப்பது தலைகீழான அறிவுரை. பாய்களின் விசை மையம், படகின் அடியில் நீருக்குள் இறங்கும் பலகையான சென்டர்போர்டின் எதிர்ப்பு மையத்தைவிட்டுப் பின்னால் போகப்போக அந்த இழுப்பு கூடத்தான் செய்யும். சுக்கானே இல்லாத விண்ட்சர்ஃப் பலகை, பாயைப் பின்னால் சாய்த்தவுடன் காற்றை நோக்கித் திரும்புவதற்கு வேறென்ன காரணம்?

கச்சான்:
விதி சரி, அளவைப் பாருங்கள். விசை மையம் 2.5 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், மரத்தை ஒரு பாகை சாய்ப்பதால் அது ஏறத்தாழ 4 செ.மீ. மட்டுமே பின்னால் போகிறது. படகு 10 பாகை ஒருக்களித்தாலோ அதே மையம் 43 செ.மீ. பக்கவாட்டில் வெளியே போய், அங்கிருந்து படகைக் காற்றை நோக்கித் திருப்புகிறது. முன்னோக்கித் தள்ளும் விசை பக்கவாட்டு விசையில் நான்கில் ஒரு பங்கே என்று வைத்தாலும், படகைத் திருப்புவதில் ஒருக்களிப்பின் பங்கு இரண்டு மடங்குக்கும் மேல். பின்னால் சாய்ந்த மரத்தில் பாய்களின் பின்விளிம்பு மேற்பகுதியில் திறந்து, மிகுதிக் காற்றை வெளியே விடுகிறது. ட்ரப்பீஸில் (மரத்திலிருந்து வரும் கம்பியில்) படகுக்கு வெளியே தொங்குபவரால் படகை நிமிர்த்தி வைக்க முடிகிறது. கூடவே சென்டர்போர்டைச் சற்றுத் தூக்கினால், அச்சில் சுழலும் அந்தப் பலகையின் முனை பின்னால் போய், எதிர்ப்பு மையத்தையும் பின்னுக்குக் கொண்டுபோகிறது.

வாடைக்காற்று:
அப்படியானால் இழுப்பைக் குறைப்பவை நிமிர்ந்த படகும் தூக்கிய பலகையும்தான். பெருமையை மட்டும் சாய்வுக்குக் கொடுக்கிறீர்கள். பாய்க்கயிற்றைத் தளர்த்தினாலும் படகு நிமிருமே! அடியில் நிலையான கீல் (தூக்க முடியாத கனத்த துடுப்பு) உள்ள பயணப் படகுக்காரர் இந்த அறிவுரையைப் படித்துவிட்டு மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கும் முன்கம்பியை நீட்டினால் அவர் கதி என்ன?

கச்சான்:
கீல் படகில் உங்கள் கட்சியே என் கட்சி: அங்கே முன்கம்பியைக் குறுக்கி மரத்தை நிமிர்த்துவதே முறை. ஆனால் 470 படகில் கயிற்றைத் தளர்த்தித் தளர்த்தி ஓட்டினால் பெரிய பாயின் முன்விளிம்பு படபடக்கும். காற்றை நோக்கி ஏறும் கோணமும் கெடும். சாய்க்கும்போது ஜிப் ஹால்யார்டை (முன்பாயை ஏற்றும் கயிற்றை) மட்டும் தளர்த்திவிட்டு, ஷ்ரௌட் பின்களை (மரத்தின் பக்கக் கம்பிகளின் நீளத்தை மாற்றும் ஊசிகளை) அப்படியே விட்டால் அந்தக் கம்பிகள் தொளதொளத்துவிடும் என்பதையும் கேட்டவர் மனத்தில் வைக்கட்டும். பெரிய பாயின் ஹால்யார்டில் அளவு நாடாவைக் கட்டி உச்சிவரை ஏற்றி, படகின் பின்முனைப் பலகையின் மேல் விளிம்புவரை அளந்தால் சாய்வு தெரிந்துவிடும். அளவு குறையக் குறையச் சாய்வு கூடுகிறது என்று பொருள்.

வாடைக்காற்று:
அளவு நாடாவுக்கு முன்னால், படகைத் தட்டையாக வைத்து ஓட்டிப் பார்க்கட்டும். அப்போதும் சுக்கான் 5 பாகைக்கு மேல் திரும்பி நின்றால் சென்டர்போர்டைத் தூக்கட்டும். மரத்தில் கை வைப்பது அதற்கும் பிறகுதான். இந்த வரிசையை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.