மறு: மறு: ஃபோர்க் - தமிழில் சொல் வேண்டும், வெள்ளிக்குள்

பிரிக்ஃபீல்ட்ஸ் டீச்சர்:
பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை துன் சம்பந்தன் சாலை அச்சுக்கடைக்குப் போகணும், ஒரே சொல்லில் சிக்கி நிற்கிறேன். 1995இல் சுவீடனில் பிறந்த மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளை 2008இல் சன் நிறுவனம் வாங்கியது, 2009இல் சன்னையே வாங்க ஆரக்கிள் முன்வந்தது, அதே ஆண்டு மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடெனியஸ் தான் எழுதிய நிரலை எடுத்துக்கொண்டு மரியாடிபி என்று தனியாகப் போனார். (மூத்த மகள் மை, இளையவள் மரியா. பெயர்ப் பஞ்சமே இல்லை.) இப்படி நிரலை எடுத்துக்கொண்டு தனித் திட்டமாகப் போவதுதான் ஃபோர்க். அதற்குக் கிளை என்று போட்டால், ஒரே திட்டத்துக்குள் பிரியும் பிராஞ்சுக்கு என்ன போடுவது?

பினாங்கு ஐயா:
கவை. மரம் இரண்டாகப் பிரியும் இடம். கவடு, கவட்டை, கவர்வழி எல்லாம் ஒரே குடும்பம். சங்கப் பாட்டில் பாதை பிரியும் இடத்துக்குக் கவலை என்றே பெயர். எந்த வழி போவது என்று நின்றவனுக்கு வந்ததுதான் இன்றைய கவலை என்பேன். இதை 20 வருடமாகச் சொல்கிறேன், யார் கேட்கிறார்கள்?

பாங்சார் நிரலாளர்:
ஐயா, கவை என்றால் வகுப்பில் கவட்டை என்று சிரிப்பார்கள், கவைக்குதவாது என்ற வழக்கு வேறு. அதைவிட, கவையில் இரண்டு கொம்பும் ஒரே மரத்தில்தானே நிற்கும்? மரியாடிபி முதலில் 5.1, 5.5 என்று மைஎஸ்கியூஎல்லின் பதிப்பு எண்களையே பின்பற்றியது, இதைக் கழற்றி அதை மாட்டினாலும் ஓடும். அப்புறம் நேரே 10.0க்குத் தாவியது. இன்று மைஎஸ்கியூஎல் ஜேசன் வகைத் தரவை இரும வடிவில் வைக்கிறது, மரியாடிபியில் ஜேசன் என்பது நீள உரைக்கு இன்னொரு பெயர், அவ்வளவே. ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தால் நிரல் கூட வரும், வணிகப்பெயர் வராது. தனிக்குடித்தனம் என்றே போடலாம்.

பினாங்கு ஐயா:
கலைச்சொல்லா, சீரியல் தலைப்பா?

செந்தூல் தம்பி:
சிம்பாங் (சாலை பிரியும் சந்தி) என்று எழுதுங்கள், தோட்டத்துப் பாட்டிக்கும் புரியும் லா.

பினாங்கு ஐயா:
சிம்பாங்கில் பஸ் திரும்பும் தம்பி. தமிழ் வகுப்புக்கு மலாய்ச் சொல்லா?

பாங்சார் நிரலாளர்:
சரி, பிரிநிரல்? "நிரல் பிரித்தான்" என்று வினையாகவும் வரும்.

பினாங்கு ஐயா:
வினைத்தொகை. பிரிந்த நிரலா, பிரிகிற நிரலா, இனிப் பிரியும் நிரலா? தாய் நிரலையும் அப்படிச் சொல்லலாமே.

பிரிக்ஃபீல்ட்ஸ் டீச்சர்:
மூன்று பேர் பிரிநிரலுக்குச் சரி என்று தனியாக எழுதிவிட்டார்கள் ஐயா, அதையே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ஃபோர்க் என்றும் இருக்கும்.

பினாங்கு ஐயா:
அனுப்புங்கள். எனக்கு ஒரு பிரதி தபாலில் போடுங்கள், கவை என்று பேனாவால் திருத்திக்கொள்கிறேன்.