டம்ளர்ல வெட்டியிருந்த ஊர்ப் பேரு: ஷெல்ட்டர்ல நீங்க பார்த்தவங்களைப் பத்தி எழுதுங்க

பெரம்பூர்காரி:

வணக்கம் மக்களே, வீடு வாசல் இல்லாம ரோட்டுக்கு வந்துட்ட பொம்பளைங்களுக்காக நடக்குற ஷெல்ட்டர் பத்தி உங்களுக்கு நேர்ல அனுபவம் இருந்தா இங்க எழுதுங்க, முதல்ல நான் ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

2022ல கோயம்பேடு பக்கம் ஒரு லேப்ல எனக்கு ஈவினிங் ஷிப்ட், முடிச்சுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வர பத்து பத்தரை ஆகிடும். கிளாம்பாக்கம் வர்றதுக்கு முன்னாடி, அதனால ராத்திரி முழுக்க ஜே ஜேன்னு கூட்டம் இருக்கும். அங்க ஒரு அம்மா, ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும், தூண் ஓரமா மூட்டையை மடியில வச்சுக்கிட்டு நிமிர்ந்து உக்காந்திருப்பாங்க. புடவை சுத்தமா இருக்கும், தலை வாரியிருக்கும், ஊருக்குப் போற பஸ்ஸுக்குக் காத்திருக்காங்கன்னுதான் ரொம்ப நாள் நினைச்சேன். ஒரு நாள் லீவுல மத்தியானம் அந்தப் பக்கம் போனா அதே தூண் கிட்ட உக்காந்தபடியே நல்லா தூங்கிட்டு இருக்காங்க, கை மட்டும் மூட்டை முடிச்சைப் பிடிச்சிருக்கு. அப்பதான் எனக்கு சுருக்குன்னு பட்டுச்சு. ராத்திரி கண்ணசந்தா எவனாவது மேல கை வச்சுடுவான்னு பயம், அதனால ராத்திரி முழிச்சிருந்து பகல்ல ஜனம் நடமாடுற நேரமா பார்த்துத் தூங்குறாங்க. ரோட்ல இருக்குற பொம்பளைங்க நிறைய பேர் இப்படித்தான்னு அப்புறம் ஷெல்ட்டர்ல சொன்னாங்க.

பேச்சுக் குடுத்தேன், டீ வாங்கிக் குடுத்தேன், "டிக்கெட் எடுத்தாச்சு கண்ணு, பையன் வருவான்"னு ஒரே பதில். தினம் அதே பதில். எனக்கு வேற வழி தெரியாம மாநகராட்சி 1913க்கு போன் பண்ணேன். ரெண்டு நாள் கழிச்சு ஷெல்ட்டர்லருந்து ரெண்டு அக்கா வந்தாங்க. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடுவாங்களோன்னு எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான், ஆனா அவங்க அந்தம்மா பக்கத்துல தரையில உக்காந்து சும்மா பேசிட்டுப் போயிட்டாங்க. மறுநாளும் வந்தாங்க. மூணு ராத்திரி இப்படி. நாலாவது ராத்திரி நல்ல மழை, சாரல் தூண் வரைக்கும் அடிக்குது, அந்தம்மாவே எழுந்து "எவ்வளவு தூரம்"னு கேட்டாங்க. நானும் கூடவே ஆட்டோவுல ஏறிட்டேன்.

பழைய ஸ்கூல் கட்டடத்தோட மாடி அது. ரெஜிஸ்டர்ல பேர் என்ன ஊர் என்னன்னு கேட்டா வாயே திறக்கல. டீ ஊத்த வந்தப்ப மட்டும் மூட்டைக்குள்ள கை விட்டு ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து நீட்டினாங்க. நசுங்கின டம்ளர், ஆனா விளிம்புக்குக் கீழ புள்ளி புள்ளியா பேர் வெட்டியிருக்கு, பேருக்குப் பின்னாடி ஊர்ப் பேரும் இருக்கு, விழுப்புரம் பக்கம். ரெஜிஸ்டர் எழுதின அக்கா அதைப் பார்த்துட்டு பேரைக் கேக்கவே இல்லை, "சீர் பாத்திரமாம்மா?"ன்னாங்க. அதுக்குத்தான் முதல் பதில் வந்துச்சு. "பதினோரு உருப்படி குடுத்தாங்க எங்கம்மா. மத்ததெல்லாம் கொழுந்தனார் வீட்ல இருக்கு." புருஷன் போனதும் வீட்டைக் கொழுந்தனார் எடுத்துக்கிட்டாரு, மெட்ராஸ்ல ஒரு வீட்ல தங்கி வேலை பார்த்திருக்காங்க, அந்த வீட்டுக்காரங்க பெங்களூர் போனதும் போக இடம் இல்ல. பையன்னு யாருமே கிடையாது.

அன்னைக்குப் படுத்தவங்க ரெண்டு நாள் தூங்கினாங்க. சாப்பாட்டுக்கு எழுந்திருப்பாங்க, திரும்பப் படுத்துடுவாங்க. யாரும் எழுப்பாதீங்கன்னு சொல்லி வச்சுட்டாங்க. வருஷக்கணக்கான தூக்கம் அது.

இரவுப்பணி:

அக்கா நீங்க எழுதினதைப் படிச்சுட்டு அழுதுட்டேன். நான் ஆறு வருஷமா ஒரு பெண்கள் ஷெல்ட்டர்ல கேர்டேக்கர், ராத்திரி டியூட்டி. அந்த முதல் ரெண்டு நாள் தூக்கத்தை நான் எத்தனை பேர்கிட்ட பார்த்திருக்கேன் தெரியுமா. அதைக் கெடுத்தா அப்புறம் நாம என்ன செஞ்சாலும் ஒட்டாது.

வெளியில இருக்குறவங்க ஷெல்ட்டர்னா பாய், சோறு, கூரைன்னு நினைக்கிறாங்க, அதுவும் வேணும்தான், ஆனா நாங்க மாசக்கணக்கா அலையுறது எல்லாம் ஒரு அட்ரஸுக்காக. அட்ரஸ் இல்லைன்னா ஆதார் இல்ல, ஆதார் இல்லைன்னா பேங்க் அக்கவுண்ட் இல்ல, அக்கவுண்ட் இல்லைன்னா முதியோர் பென்ஷனோ விதவை பென்ஷனோ 1,200 ரூபா வர வழியே இல்ல. ஷெல்ட்டர் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டுக் குடுக்குற சான்றிதழ வச்சு ஷெல்ட்டர் அட்ரஸ்லயே ஆதார் எடுக்கலாம், இது நிறைய பேருக்குத் தெரியல. கூட்டிட்டுப் போனா அங்க கைரேகை விழாது. இருபது வருஷம் பாத்திரம் தேய்ச்ச கைல ரேகை எங்க இருக்கும்? கண்ணு ஸ்கேன் பண்ணுவாங்க. ஒரு தடவை ஒரு பாட்டிக்கு அப்ளிகேஷன் ரிஜெக்ட் ஆகி வந்துச்சு, ஏற்கனவே இவங்களுக்கு ஆதார் இருக்குன்னு. எங்களுக்கு ஒரே சந்தோஷம், ஏன்னா அந்தப் பழைய நம்பரைத் தேடிப் பிடிச்சு ஊர் தெரிஞ்சுது, அக்கா பொண்ணு தெரிஞ்சுது. ரிஜெக்ட் ஆனதுக்கு மிட்டாய் குடுத்தது எங்க ஷெல்ட்டர்லதான் நடக்கும்.

அப்புறம் லாக்கர். சொன்னா சின்ன விஷயமா தெரியும். இரும்புப் பெட்டி, ஒரு பூட்டு, ஒரு சாவி. ரோட்ல இருந்தவங்க குளிக்கப் போனாலும் மூட்டையோடதான் போவாங்க, நனைஞ்சாலும் பரவால்லன்னு. சாவியை முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டு ஒரு நாள் வெறுங்கையோட பாத்ரூம் போவாங்க பாருங்க, அன்னைக்கு நான் என் நோட்ல தேதி போட்டு எழுதி வைப்பேன். சிலருக்குப் பத்து நாள்ல வரும், ஒருத்தங்களுக்கு ஏழு மாசம் ஆச்சு.

இதெல்லாம் யாரோ மனசு இரங்கிப் போடுற தர்மம்னு நினைக்காதீங்க. 2010ல சுப்ரீம் கோர்ட்டே சொன்னதுதான், நகரத்துல ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு ஷெல்ட்டராவது வேணும், வருஷம் 365 நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கணும்னு. 2011 சென்சஸ்ல நாடு முழுக்க வீடில்லாதவங்க 17 லட்சத்துக்கு மேலன்னு எண்ணினாங்க, அதுவும் தூணோரம் பயணி மாதிரி உக்காந்திருக்குற பொம்பளைங்களை யாரு எண்ணியிருப்பா சொல்லுங்க.

மதுரைத் தம்பி:

இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எங்க சித்தி, அம்மாவோட கூடப்பிறந்த தங்கச்சி, ரெண்டாவது குழந்தை பிறந்து இறந்து போனதுலருந்து தனக்குத்தானே பேச ஆரம்பிச்சாங்க. மந்திரிச்சோம், தர்காவுக்குக் கூட்டிட்டுப் போனோம், கடைசியில பின்கட்டு ரூம்ல வச்சுப் பூட்டினோம். நானும் பூட்டியிருக்கேன், அப்ப எனக்குப் பதினாறு வயசு. ஒரு நாள் கதவு திறந்திருந்துச்சு, போயிட்டாங்க. ஒரு வாரம் தேடினோம். உண்மையைச் சொல்லணும்னா ஒரு வாரம்தான் தேடினோம்.

அஞ்சு வருஷம் கழிச்சு சென்னையிலருந்து போன். ராத்திரி ரோந்துல போலீஸ் பார்த்து, மனநல மருத்துவரைப் பார்க்க வச்சு, அங்கருந்து ஒரு காப்பகத்துல சேர்த்திருக்காங்க. 2017 மனநலச் சட்டத்துல அப்படித்தான் இருக்காம், மனநோயோட தெருவுல அலையுறவங்களைப் பார்த்தா பாதுகாப்பு குடுத்து 24 மணி நேரத்துக்குள்ள மதிப்பீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது போலீஸோட கடமை, ஸ்டேஷன்ல லாக்கப்ல அடைக்கக் கூடாது. நான் போனப்ப சித்தி திண்ணையில உக்காந்து கொத்தவரங்காய் நறுக்கிட்டு இருந்தாங்க. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டு எட்டு மாசம் ஆகியிருந்துச்சு. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சுது, "உசரமாயிட்டடா"ன்னாங்க. வீட்டுக்குப் போலாம் சித்தின்னேன். கத்தியைக் கீழ வச்சுட்டு கேட்டாங்க, "அந்த ரூம் இருக்கா இன்னும்?"

என்னால பதில் சொல்ல முடியல. ரூம் இருக்கு. பழைய சைக்கிள் போட்டு வச்சிருக்கோம்.

சித்தி வரல. அங்க இருந்த மேடமும் கட்டாயப்படுத்தல, அவங்க இஷ்டம்தான்னு தெளிவா சொல்லிட்டாங்க. இப்ப வாடகை வீட்ல நாலு பேரா சேர்ந்து இருக்காங்க, துணைக்கு ஒரு அக்கா வந்து போவாங்க. சென்னையில வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார்னு ரெண்டு பேர் 1993ல ஆரம்பிச்ச பான்யன் அமைப்பு, ஆஸ்பத்திரியிலயே வருஷக்கணக்கா தங்கிட்டவங்களை 2015லருந்து இந்த மாதிரி சாதாரண வீடுகள்ல நாலஞ்சு பேரா வாழ வைக்கிறாங்க, ஹோம் அகெய்ன்னு பேரு, சித்தி இருக்குற வீடும் அதே மாதிரி யோசனைதான். சமையல், மார்க்கெட், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் உண்டு. போன பொங்கலுக்குப் போயிருந்தேன், வாசல்ல யார் கோலம் போடுறதுன்னு சித்திக்கும் இன்னொரு அம்மாவுக்கும் வாக்குவாதம், கடைசியில பாதிப் பாதியா போட்டாங்க, நடுவுல கோடு கோணலா போச்சு. ஊருக்கு வந்ததும் அந்த ரூம் கதவைக் கழட்டிட்டேன்.

தையல்மெஷின்:

நான் உள்ள இருந்தவ. அதனால கொஞ்சம் நேரடியா சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. அடி தாங்க முடியாம கைக்குழந்தையோட வெளிய வந்தேன், அம்மா வீட்ல ரெண்டு வாரத்துக்கு மேல வச்சுக்கல. பெண்கள் உதவி எண் 181க்குப் போன் போட்டுத்தான் ஒரு இடம் கிடைச்சுது, அங்கருந்து ஷெல்ட்டர். ரெண்டு வருஷம் இருந்தேன். நல்லது நிறைய நடந்துச்சு, தையல் கத்துக்கிட்டது அங்கதான். ஆனா முப்பது பேருக்கு ரெண்டு கக்கூஸ், காலைல அஞ்சு மணிக்கே வரிசை. யாராவது ஆபீஸர் வர்றாங்கன்னா மட்டும் புது பெட்ஷீட் விரிப்பாங்க, போனதும் மடிச்சு பீரோவுல வச்சுடுவாங்க. போட்டோ எடுக்கக் கூப்பிடுவாங்க, அது எனக்கு சுத்தமா பிடிக்காது. என் பக்கத்துப் படுக்கைக்காரிக்குப் பையன், அவன் கொஞ்சம் வளர்ந்ததும் பெண்கள் ஷெல்ட்டர்ல வச்சுக்க முடியாதுன்னு பையன்கள் ஹோம்ல சேர்க்கச் சொன்னாங்க, அவ அன்னைக்கு ராத்திரியே பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிட்டா. எங்க போனாளோ, இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவ ஞாபகம் வராத நாள் இல்ல.

வெளிய வர்றதுதான் உள்ள போறதைவிடக் கஷ்டம். வேலை கிடைச்சுது, ஒரு கம்பெனியில, மாசம் ஒழுங்கா சம்பளம். விடியல் பயணம் இருக்குறதால டவுன் பஸ்ல டிக்கெட் காசு மிச்சம், மத்தியானம் அம்மா உணவகத்துல அஞ்சு ரூபா சாம்பார் சாதம், அப்படி அப்படியே சேர்த்தேன். ஆனா வீடு? புருஷன் எங்கன்னு கேப்பாங்க. இல்லைன்னா "சொல்லி அனுப்புறோம்"பாங்க. இப்ப எங்க இருக்கன்னு கேட்டு ஷெல்ட்டர்னு சொன்னா வாசல் வரைக்கும்கூட விட மாட்டாங்க. பதினாலு வீடு பார்த்தேன். கடைசியில ஷெல்ட்டர்ல எங்களோட இருந்த ஒரு ஆயாவைக் கூட்டிட்டுப் போய் இது எங்க அம்மான்னு சொன்னேன், உடனே சாவியைக் குடுத்துட்டாங்க. பொய்தான். ஆனா இப்ப நாலு வருஷமா அந்த ஆயா எங்களோடதான் இருக்காங்க, என் பொண்ணை ஸ்கூல்ல விட்டுக் கூட்டிட்டு வர்றது அவங்கதான், ரேஷன் கார்டுலயும் சேர்க்க மனு குடுத்திருக்கேன். அதனால அதைப் பொய்னு இப்ப சொல்ல முடியாது.

வேளச்சேரி ரமணன் இல்ல, வேற ஆள்:

ரொம்ப மனசு கனத்துடுச்சு. எங்க வீட்ல அம்மாவோட பழைய புடவை நிறைய இருக்கு, குடுக்கலாமா?

இரவுப்பணி:

கோச்சுக்காதீங்க சார், பழைய புடவை எங்க பீரோ நிறைய இருக்கு. ஜனங்க தீபாவளிக்கு முன்னாடி வீடு ஒழிச்சுட்டு நேரா இங்கதான் கொண்டு வருவாங்க. எங்களுக்கு எப்பவும் பத்தாதது புது உள்ளாடை, எல்லா சைஸும். நாப்கின். பேன் சீப்பு. படிக்கிற கண்ணாடி, நாற்பது தாண்டினவங்க பாதிப் பேர் ஊசி கோர்க்க முடியாம உக்காந்திருப்பாங்க. தையல்மெஷின் தங்கச்சி, போட்டோ விஷயம் நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, எங்ககிட்டயும் முன்னாடி நடந்திருக்கு, இப்ப கேக்காம யாரையும் எடுக்க விடுறதில்ல. அந்தப் பையனோட அம்மா பத்தி உங்களுக்கு ஏதாவது அடையாளம் ஞாபகம் இருந்தா எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க, மத்த ஷெல்ட்டர்கள்ல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, கேட்டுப் பார்க்கிறேன்.

பெரம்பூர்காரி:

எல்லாரும் அந்த டம்ளர் அம்மா என்ன ஆனாங்கன்னு கேட்டிருந்தீங்க. ஒரு மெஸ்ல மாவு அரைக்கிற வேலைக்குப் போறாங்க, போன மாசம் ஷெல்ட்டர்லயே பழக்கமான இன்னொரு அம்மாவோட சேர்ந்து ஒரு ரூம் எடுத்திருக்காங்க. தையல்மெஷின் சொன்ன மாதிரி வீடு கிடைக்கிறது பெரும்பாடு, மெஸ் ஓனரம்மா சொல்லித்தான் கிடைச்சுது. இப்ப கேஸ் கனெக்‌ஷனுக்கு அப்ளிகேஷன் போடணும், நான் எழுதித் தரேன்னா வேண்டாம்னுட்டாங்க, மூணாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவங்க, அட்ரஸை அவங்களே எழுதணுமாம். ஞாயித்துக்கிழமை போயிருந்தேன், பால் கணக்கு நோட்டுப் பின்பக்கம் பூரா எழுதிப் பழகி வச்சிருக்காங்க. தெருப் பேர் வந்துடுச்சு, பின்கோடு வந்துடுச்சு. "கதவு எண்"ல அந்த ண் மட்டும் இன்னும் சுழி கூடக் குறைய வருது, நாளைக்கு மறுபடி உக்காரணும்.