சார்லட் பாட்டர்சனின் ஆய்வுகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கறார்கணக்கு:
அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் சார்லட் பாட்டர்சன். ஒருபால் இணையர் வளர்க்கும் குழந்தைகளைப் பற்றிப் பல வருடங்களாக ஆராய்பவர். அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1992ல் ‘சைல்ட் டெவலப்மென்ட்’ இதழில் எழுதியபோது, இந்தக் குழந்தைகள் வளர்ச்சியில் பின்தங்கியதாக எந்தச் சான்றும் இல்லை என்றார். அதே பல்கலைக்கழகத்தில் பெண்கள், பாலினம், பாலியல் பற்றிய படிப்புக்கும் இயக்குநராக இருந்திருக்கிறார். அவரே தன் துணைவியோடு குழந்தைகளை வளர்த்தவர். தன் வீட்டு விஷயத்தையே ஆராய்ச்சியாகவும் பாடமாகவும் ஆக்கினால் நடுநிலை எங்கே இருக்கிறது?

ரெண்டாம்பெஞ்சு:
அப்படிப் பார்த்தால் கல்யாணம் செய்து பிள்ளை பெற்ற பேராசிரியர்கள் யாருமே குடும்பத்தைப் பற்றி ஆராயக் கூடாது. அவர்களை இந்தக் கேள்வி யாரும் கேட்டதில்லையே, ஏன்? வேலையைப் பாருங்கள், வீட்டைப் பார்க்காதீர்கள்.

கறார்கணக்கு:
சரி, வேலையையே பார்ப்போம். சான் பிரான்சிஸ்கோ பகுதியில் அவர் எடுத்துக்கொண்டது 37 குடும்பங்கள். தெரிந்தவர் மூலம் தெரிந்தவர் என்று சேர்த்தது. பெரும்பாலும் படித்த, வசதியான வெள்ளையர் வீடுகள். பிரச்சினை உள்ள வீட்டுக்காரர் தானாக வந்து கை தூக்குவாரா?

மதியவெயில்:
அந்த 37 குடும்ப ஆய்வை முழுசாகப் படித்தீர்களா? அந்தக் குழந்தைகள் மன அழுத்தத்தைச் சற்று அதிகமாகச் சொன்னதையும் அவர்தான் எழுதியிருக்கிறார். கூடவே, தாங்கள் நன்றாக இருப்பதாகவும் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள். முடிவை முன்பே தீர்மானித்தவர் முதல் பாதியை ஏன் அச்சில் ஏற்ற வேண்டும்?

மாதிரி சிறியது என்பது நியாயமான குறைதான். அதனால்தான் 2004ல் நாடு தழுவிய இளையோர் சுகாதாரக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தார்கள். இரு பெண்கள் வளர்த்த 44 பிள்ளைகள், அவர்களுக்கு ஒப்பான மற்ற வீட்டுப் பிள்ளைகள் 44 பேர். யாரும் கை தூக்கி வந்தவர்கள் இல்லை. வீட்டு வகை வித்தியாசம் காட்டவில்லை, பெற்றோரோடு பிள்ளைக்கு இருந்த நெருக்கம்தான் காட்டியது.

தேனிக்காரி:
குறுக்கே ஒரு வார்த்தை. எங்க அப்பா இருபது வருஷம் சவுதியில். என்னை வளர்த்தது அம்மாவும் அம்மாச்சியும்தான். ‘ஆம்பள இல்லாத வீட்டுப் பிள்ளை’ என்று சொன்னவர்களும் உண்டு. நன்றாகத்தான் இருக்கிறேன் :)

கறார்கணக்கு:
அது வேறு, இது வேறு, தேனிக்காரி. உங்களுக்கு அப்பா இல்லாமல் இல்லை, தூரத்தில் இருந்தார்.

மதியவெயில், அந்த 44ஐ 2015ல் சமூகவியலாளர் பால் சல்லின்ஸ் திரும்பத் தோண்டினார். பாதிக்கு மேல் ஆணும் பெண்ணும் சேர்ந்து வளர்த்த வீடுகள், கணக்கெடுப்பில் தவறாகக் குறித்தவை என்றார். பருப்பில் கல் இருந்தால் பொறுக்கலாம், பாதிக்கு மேல் கல்லாக இருந்தால்?

ரெண்டாம்பெஞ்சு:
சல்லின்ஸ் கத்தோலிக்கப் பாதிரியார். உங்கள் முதல் பதிவின் விதிப்படி அவரும் வெளியே போக வேண்டுமே!

கறார்கணக்கு:
பாதிரியார் எண்ணினாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான்.

ரெண்டாம்பெஞ்சு:
அதையேதான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

மதியவெயில்:
சல்லின்ஸ் சொன்ன குறை கனமானது, தள்ளிவிட மாட்டேன். ஆனால் எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம் என்ன? 2012ல் சமூகவியலாளர் மார்க் ரெக்னரஸ் வெளியிட்ட ஆய்வு. தாயோ தந்தையோ என்றைக்காவது ஒருபால் உறவில் இருந்தாலே அந்தப் பட்டியலில் போட்டார். அதில் பலவும் ஆண், பெண் கல்யாணம் முறிந்த வீடுகள். முறிவின் காயத்தை யார் கணக்கில் எழுதுவது? 2014ல் ஒருபால் திருமணத் தடையை எதிர்த்து நடந்த மிச்சிகன் வழக்கில் ரெக்னரஸ் சொன்ன சாட்சியத்தை நம்பவே முடியாது என்று நீதிபதி ஃப்ரீட்மன் ஒதுக்கினார்.

முறிவுக் குழப்பம் இல்லாத ஆய்வு வேண்டுமா? 2010ல் ரேச்சல் ஃபார், பாட்டர்சன் குழுவினர் செய்தது. கைக்குழந்தையிலேயே தத்தெடுத்த 106 குடும்பங்கள்: பெண் இணையர் 27, ஆண் இணையர் 29, ஆண்-பெண் இணையர் 50. பெற்றோர் சொன்னதோடு விடாமல் ஆசிரியர், பராமரிப்பாளரிடமும் கேட்டார்கள். பிள்ளைகளின் நடத்தையில் குடும்ப வகையால் வேறுபாடு தெரியவில்லை.

நடுராத்திரி:
இதெல்லாம் வெறும் இதழ்ச் சண்டை இல்லை. பாட்டர்சன் பாடம் நடத்திய அதே வர்ஜீனியாவில் 1995ல், பாட்டம்ஸ் வழக்கில், ஒரு தாயிடமிருந்து மகனைப் பிரித்துப் பாட்டியிடம் கொடுத்தது மாநில உச்ச நீதிமன்றம். தாய் ஒரு பெண்ணோடு வாழ்ந்தது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

கறார்கணக்கு:
106 குடும்ப ஆய்வை ஒப்புக்கொள்கிறேன், அமைப்பு நன்றாக இருக்கிறது. ஆனாலும் தத்தெடுக்கும் நிறுவனம் வடிகட்டிய வீடுகள் அவை. எல்லா வீட்டுக்கும் அதை நீட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். தன் வீட்டு விஷயத்தையே பாடமாக நடத்துவதிலும் என் சந்தேகம் போகவில்லை.

மதியவெயில்:
நீட்ட வேண்டாம். நானும் கல்லூரியில் உளவியல் எடுக்கிறவள்தான். இரண்டு தரப்புக் கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நடத்துவேன்.

கறார்கணக்கு:
அந்த 44லிருந்து ஆரம்பியுங்கள். கடைசி பெஞ்சில் எனக்கும் ஓர் இடம் போடுங்கள்.