ஹார்பின் மெடிக்கல் யுனிவர்சிட்டி எப்படி?

கரூர்_கார்த்தி:
மாமா பையனுக்கு நீட் மார்க் பத்தல, சைனா போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். ஏஜென்ட் ஹார்பின் மெடிக்கல் யுனிவர்சிட்டிங்குறார். ஃபீஸ், ஹாஸ்டல், இந்தியன் மெஸ் வரைக்கும் கேட்டாச்சு, ஆனா அந்த காலேஜ் அந்த ஊர்ல என்னதான் பண்ணுதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஈப்போ_மணி:
எங்க நாட்டு ஆளு ஆரம்பிச்சது தம்பி அது! பினாங்குல பிறந்த டாக்டர் வூ லியன் டே. 1910 கடைசியில ஹார்பின்ல நுரையீரலைத் தாக்குற நிமோனிக் பிளேக் வந்து மஞ்சூரியா, அதாவது வடகிழக்கு சைனா பூரா கிட்டத்தட்ட 60,000 பேர் போயிட்டாங்க, மண்ணு உறைஞ்சு குழி தோண்ட முடியாம பொணமும் சவப்பெட்டியும் வெளியவே குவிஞ்சு கெடந்துச்சு, இவர்தான் பேரரசர் வரைக்கும் பர்மிஷன் கேட்டு எரிக்க வச்சார். மூச்சு வழியா பரவுதுன்னு சொல்லி பஞ்சு வச்ச, காயத்துக்குக் கட்டுற காஸ் துணி மாஸ்க்கும் கட்டச் சொன்னார். மெஸ்னின்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் அதை மதிக்காம மாஸ்க் இல்லாமலே நோயாளியைப் பார்த்தார், அதே பிளேக்ல செத்தார். 1926ல வூ அங்கயே மெடிக்கல் ஸ்கூல் தொடங்கினார், இந்த யுனிவர்சிட்டியோட வேர் அதுதான். 1937ல மலாயா திரும்பி எங்க ஈப்போலதான் கிளினிக் வச்சிருந்தார்.

லேப்_ராணி:
அது மட்டுமா. ஹார்பின் இருக்குற ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துல கேஷான்னு ஒரு கவுன்ட்டி, மண்ணுல செலினியம் கம்மி, இதய தசை பாதிச்சு ஜனங்க செத்த நோய்க்கு அந்த ஊர் பேரே வச்சுட்டாங்க. இந்த மாதிரி வட்டார நோய்களுக்கான தேசிய மையமே இந்த யுனிவர்சிட்டிலதான் இருக்கு. அப்புறம் ஏபிஎல்ங்குற ரத்தப் புற்றுநோய்க்கு இன்னிக்கு உலகம் பூரா ஆர்செனிக் ட்ரையாக்சைடு கொடுக்குறாங்கல்ல, அதான் நம்ம வெள்ளைப் பாஷாணம், அது இவங்க முதல் ஆஸ்பத்திரில 1970கள்ல ஒரு நாட்டு வைத்தியத்துல இருந்து புடிச்சு எடுத்தது. அமெரிக்கா 2000லதான் அப்ரூவ் பண்ணுச்சு.

சைனா_எம்பிபிஎஸ்_செந்தில்:
பெருமை எல்லாம் சரிங்க, ஆனா மாகாண காலேஜுன்னா முதல் வேலை அந்த மாகாணத்துக்கு டாக்டர் கொடுக்குறது. 2010ல இருந்து கிராமத்துப் பசங்களுக்கு ஃப்ரீயா மெடிக்கல் சீட்டு கொடுத்து 6 வருஷம் டவுன்ஷிப் ஹெல்த் சென்டர்ல வேலை பாக்கணும்னு அக்ரிமென்ட் போடுற ஸ்கீமே சைனால ஓடுது. நம்ம பசங்க தனி இங்கிலீஷ் பேட்ச். நான் படிச்சது வேற ஊர், கிளாஸ் இங்கிலீஷ்லதான், ஆனா வார்டுல பாட்டி "வயிறு வலிக்குது"ன்னு சைனீஸ்லதான் சொல்லும், அதுவும் அந்த ஊர் ஸ்லாங்ல, கேஸ் ஹிஸ்டரி எடுக்க முடியாம பாதிப் பேர் பின்னாடி சுவரோரம் நிப்பாங்க. எச்எஸ்கேங்குற சைனீஸ் மொழிப் பரீட்சைல நாலாவது லெவலை சும்மா பேருக்குன்னு பாஸ் பண்ணா பத்தாது. அந்த டிகிரி இந்தியாவுல செல்லணும்னா, நம்ம நேஷனல் மெடிக்கல் கமிஷனோட (என்எம்சி) 2021 ரூல்படி 54 மாசம் படிப்பு, அதே காலேஜ்ல 12 மாசம் இன்டர்ன்ஷிப், அந்த நாட்டுல டாக்டரா பதிவு பண்ணத் தகுதி, எல்லாம் வேணும். எழுத்துல கேளுங்க.

கரூர்_கார்த்தி:
இப்பதான் ஏஜென்டுக்கு போன் போட்டேன் அண்ணா. இன்டர்ன்ஷிப் பத்திக் கேட்டா "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார், முதல்ல சீட்டை பிளாக் பண்ணுங்க"ங்குறார்.

சைனா_எம்பிபிஎஸ்_செந்தில்:
அட்வான்ஸ் கட்டிடாதீங்க. யுனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆபீசுக்கு நேரா மெயில் போடுங்க.