மறு: ஃபியூஷன் – 'கலப்பிசை' போதாதா?

> ஒட்டுமா போல 'ஒட்டிசை' என்று வைத்துவிடலாமே.

ஒட்டுமாவில் பழம் மேலே ஒட்டிய கிளையின் ரகமாகத்தான் வரும், ஐயா. ஃபியூஷனில் வெளியூர்க் கருவிகள் உள்ளூர் நடைக்கு இணங்கிவிடும் ஒரு வகை உண்டு. அதற்குக் 'கலப்பிசை' என்ற பொதுப்பெயர் போதாது என்றுதான் தனிப் பேர் தேடுகிறோம். அதில் நடப்பது நேர்மாறு: மேலே வந்து ஒட்டுவது, அடியில் இருக்கும் உள்ளூர் இசையின் ரகமாக மாறிவிடும்.

செனகல் பாடகர் யூசூ ந்தூரின் இரண்டு ஆல்பங்களை அடுத்தடுத்துக் கேளுங்கள். 2004இல் வந்த 'ஈஜிப்ட்', செனகலின் சூஃபிப் பெரியவர்களைப் போற்றும் பாடல்கள். உடன் வாசிப்பது கெய்ரோவின் ஃபத்தி சலாமா நடத்திய வாத்தியக்குழு. எகிப்திய வயலின்களும் கோரா என்ற மேற்கு ஆப்பிரிக்கத் தந்திக் கருவியும் சரிக்குச் சமமாக உட்கார்ந்திருக்கின்றன. இதற்குக் கலப்பிசை சரியான சொல்.

1994இன் 'தி கைட்' (The Guide) வேறு சங்கதி. பாடகி நெனே செரியோடு பாடிய 'செவன் செகண்ட்ஸ்' உலகமெங்கும் ஓடியது. ஆனால் அது மெதுவான பாப், அதை வைத்து ஆல்பத்தை எடைபோட முடியாது. இந்த ஆல்பத்தின் உயிர் ம்பலாக்ஸ் என்ற செனகல் நடன இசை. அதன் அடித்தளம் சபார் மேளம்: ஒரு கையில் குச்சி, மறு கை வெறுங்கை. மேலே கிட்டார், சாக்ஸபோன், கீபோர்டு எல்லாம் உண்டு. ஆனால் கீபோர்டு பின்னணியில் சுரங்களை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்காது. மேளக்காரர் போலவே துண்டு துண்டாகத் தட்டும், கிட்டாரும் அப்படித்தான். கருவி வெளியூர், நடை உள்ளூர்.

இந்த வேறுபாட்டுக்கு நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது. வடசொல் 'கமலம்' அப்படியே வந்தால் தற்சமம். 'பங்கஜம்' நம் ஒலிக்கு இணங்கி 'பங்கயம்' ஆனால் தற்பவம். செனகல் தலைநகர் டாக்காரின் நடன விடுதிகளில் ஒரு காலத்தில் கியூபப் பாட்டுகளை ஸ்பானிய மொழியிலேயே பாடினார்கள். அது தற்சமம். 1970களில் அதே மாதிரிக் குழுக்களுக்குள் சபாரும் உள்ளூர் வோலோஃப் மொழியும் புகுந்து ம்பலாக்ஸ் உருவானது. அது தற்பவம்.

ஆகவே என் பரிந்துரை: தற்பவ இசை.

> வடசொல் ஆயிற்றே!

ஆமாம். பள்ளி இலக்கணத்தில் படித்த சொல் என்பதால் விளக்கம் சொல்லாமலே பாதி புரியும். எனக்கு அது பெரிது. தூய தமிழில் இதே பொருள் தரும் சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். 'ஏற்பிசை' என்று யோசித்தேன், ஆனால் அலுவலகக் கோப்பில் வரும் 'ஏற்பிசைவு' நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

அப்புறம், சேர்த்து எழுத வேண்டாம். 'தற்பவவிசை' என்றால் இயற்பியல் பட்டியலுக்குப் போய்விடும்.