விழுந்த பல், ரத்தம் கசியும் ஈறு: சென்னையில் எங்களுக்கு நடந்தவை

வியாசர்பாடி, உடற்கல்வி ஆசிரியர்

சாயங்காலம் கபடிப் பயிற்சி. ஒருவன் முழங்கை இன்னொருவன் வாயில் பட்டு, மேல்வரிசை முன்பல் வேரோடு மண்ணில் விழுந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பையன். பல்லை எடுத்த மாணவன் நேராகக் குழாயடிக்கு ஓடினான், தேய்த்துக் கழுவ. "வேரைத் தொடாதடா, அப்படியே கொண்டா" என்று கத்தினேன். முதலுதவிப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது பெரிய விஷயம்.

பல்லை, வெளியே தெரியும் வெள்ளைப் பக்கத்தில்தான் பிடிக்க வேண்டும். கைக்குட்டையில் மடித்து வைத்தால் வேர் காய்ந்துவிடும். குழாய்த் தண்ணீரில் ஊறப் போடவும் கூடாது. பால்தான் நல்லது. எதிரே டீக்கடை இருக்கிறது, ஆனால் அங்கே கொதிக்கிற பால். "அண்ணே, அது வேணாம், உடைக்காத ஆவின் பாக்கெட் ஒண்ணு குடுங்க" என்று வாங்கி, கொஞ்சம் பாலை ஊற்றி மண் போகிற அளவுக்கு மட்டும் அலசி, மீதியை டம்ளரில் ஊற்றிப் பல்லை அதில் போட்டோம். பையனை சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, ஆட்டோவில் பெரம்பூருக்கு.

ஒரு மணி நேரத்துக்குள் டாக்டர் பல்லை அதே குழியில் வைத்துவிட்டார். பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி சேர்த்து ஒட்டினார். மண்ணில் விழுந்ததால் டிடி ஊசி போட்ட விவரம் கேட்டார். இரண்டு வாரம் கம்பி, குழைந்த சாப்பாடு, அந்தப் பல்லால் எதையும் கடிக்கக் கூடாது. கம்பி எடுக்கும் முன்பே ரூட் கெனாலும் தொடங்கியாயிற்று. பல் நின்றுவிட்டது. சில வருடங்களுக்கு அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார்.

எங்கள் பள்ளியில் முதலுதவிப் பெட்டிக்கு மேலேயே இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டோம். மற்ற ஆசிரியர்களும் தயவுசெய்து செய்யுங்கள்.

ராயப்பேட்டை, பல் மருத்துவர்

சார், அந்தப் பையனுக்கு நீங்கள் செய்தது மிகச் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: கீழே விழுந்தது பால் பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது, உள்ளே வளரும் நிரந்தரப் பல் கெட்டுப்போகும். ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளுக்கு எது பால் பல் என்று சந்தேகம் வந்தால், பல்லையும் குழந்தையையும் சேர்த்து டாக்டரிடம் கொண்டுபோய்விடுங்கள்.

வேரைத் தொடக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பல் எலும்பில் நேரடியாக ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. வேரைச் சுற்றி நுண்ணிய நார்கள் இருக்கின்றன, அவைதான் பல்லைத் தாடையோடு கட்டிப் பிடிக்கின்றன. பல் விழும்போது அறுந்த நார்களில் பாதி வேரோடு வருகிறது. அதிலுள்ள செல்கள் உயிரோடு இருந்தால்தான் பல் மறுபடி ஒட்டும். வெறும் காற்றில் ஒரு மணி நேரம் கிடந்தால் பெரும்பாலும் செத்துவிடும்.

ஈறு நோய் அழிப்பதும் இதே நார்களைத்தான். விபத்தில் ஒரு நொடியில் நடப்பது அங்கே பத்துப் பதினைந்து வருடமாக, வலியே இல்லாமல் நடக்கிறது. பல்லில் படியும் அழுக்கு இறுகிக் காரையாகிறது. ஈறு வீங்குகிறது, துலக்கும்போது ரத்தம் வருகிறது. இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு முழுக்கப் பழைய நிலைக்கு வந்துவிடும். விட்டால் காரை ஈறுக்கு அடியில் இறங்கும், நார் அறும், எலும்பு கரையும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தம்கூடச் சரியாகக் காட்டாது, அதனால் அவர்கள் வருவதற்குள் பல் ஆட ஆரம்பித்திருக்கும்.

"க்ளீனிங் பண்ணா பல் ஆடிடும், இடைவெளி வந்துடும்னு சொல்றாங்களே டாக்டர்?" இந்தக் கேள்வி வராத நாள் எனக்கு இல்லை. எலும்பு ஏற்கெனவே போன இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் உண்மையான இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். இந்தப் பயத்தாலேயே நல்ல பற்களை இழந்தவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

மடிப்பாக்கம்

டாக்டர் சொன்னது எங்க அம்மா கதையேதான். அம்மாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். துலக்கினா ரத்தம் வருதுன்னு பிரஷ்ஷையே ஓரங்கட்டிட்டாங்க, உப்பை விரலால் தேய்ச்சுக் கொப்பளிக்கறதோட சரி. ரத்தம் வர்ற இடத்தைத் துலக்காம விட்டா அழுக்கு இன்னும் சேரும், ரத்தம் இன்னும் வரும்னு சொன்னா நம்பவே இல்ல.

சுகர் டாக்டரே ஒரு நாள், "வாயைத் திறங்கம்மா" என்று பார்த்துட்டு பல் டாக்டர்கிட்ட அனுப்பினார். சுகர் கூடுனா ஈறு கெடும், ஈறுல நாள்பட்ட புண் இருந்தா சுகர் இறங்காதுன்னு அவர் சொன்னப்புறம்தான் அம்மா கிளம்பினாங்க. ஈறுக்கு அடியில சுத்தம் பண்ணாங்க, மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு தடவைக்கு ஒரு பக்கம். இப்ப மெத்து பிரஷ், ஈறு ஓரத்துல சாய்ச்சு வெச்சு ரெண்டு நிமிஷம், காலையும் ராத்திரியும். பல்லிடுக்குக்கு பாட்டில் கழுவற பிரஷ்ஷோட குட்டி மாதிரி ஒண்ணு விக்குது, அதுதான் அம்மாவுக்குப் பிடிச்சுப் போச்சு. ரத்தம் நின்னுடுச்சு. மூணு மாச சராசரி சுகரும் கொஞ்சம் இறங்கியிருக்கு. எல்லாருக்கும் அப்படி இறங்கும்னு சொல்ல வரல, வீட்ல சுகர்காரங்க இருந்தா ஈறையும் பாருங்கன்னுதான் சொல்றேன்.

திருவொற்றியூர்

அவசரம்னா என்னன்னு என் தம்பி விஷயத்துல பார்த்தேன். கீழ்க் கடவாய்ப்பல் சொத்தை. மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிப் போட்டு ஓட்டிக்கிட்டிருந்தான். கன்னம் வீங்கினதும் பக்கத்து வீட்டு அத்தை பாசத்துல சுடச்சுட ஒத்தடம் குடுத்தாங்க. ராத்திரி வீக்கம் தாடைக்கு அடியில, கழுத்துப் பக்கம் இறங்கிடுச்சு. வாய் ஒரு விரல்கூட நுழையாத அளவுக்கு இறுகிப்போச்சு. எச்சில் முழுங்க முடியல, காய்ச்சல் கொதிக்குது. 108-க்குப் போன் பண்ணி ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். கிருமி கழுத்துக்குள்ள பரவினா மூச்சுக்குழாயே அடைச்சிடும்னு சொல்லி உடனே ஊசி மருந்து ஏத்தி, சீழைத் திறந்து எடுத்தாங்க. பல்லையும் பிடுங்கிட்டாங்க. இப்ப நல்லா இருக்கான்.

தாடைக்கு அடியில வீக்கம், வாய் திறக்க முடியல, முழுங்க முடியல, மூச்சுத் திணறுது: இதுல எது இருந்தாலும் விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க. பல் கிளினிக்கைத் தேடியும் அலையாதீங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. சூடு வைக்காதீங்க. இன்னொண்ணு, வலி மாத்திரையைப் பொடி பண்ணி ஈறுல வைக்கிற பழக்கம் எங்க ஏரியாவுல நிறைய. அது ஈறை வெந்துபோக வெச்சுடும், முழுங்கினாதான் வேலை செய்யும்.

தாம்பரம்

எனக்கு ஆறாம் மாசத்துல ஈறு வீங்கி ரத்தம் வந்தது. "புள்ளத்தாச்சி பல்லுல கை வைக்கக் கூடாது"ன்னு மாமியார் பயந்தாங்க. கர்ப்பத்துல ஈறு இப்படி ஆகறது சகஜம், நடு மூணு மாசத்துல சுத்தம் பண்றது தாராளமா செய்யலாம்னு டாக்டர் சொன்னாங்க. பண்ணிக்கிட்டேன், ஒரு பிரச்சினையும் இல்ல.

கொளத்தூர்

டாக்டர், அப்பா பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுறார். ஈறு தடித்துப் பல் மேலேயே ஏறிக்கொண்டு வருகிறது. இதய அடைப்புக்கு ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை உண்டு. க்ளீனிங் செய்யலாமா? மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகணுமா? தனியார் செலவு கட்டுப்படியாகாது.

ராயப்பேட்டை, பல் மருத்துவர்

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அம்லோடிபின் சிலருக்கு ஈறை இப்படி வளர வைக்கும், காரை இருந்தால் அதிகமாக. முதலில் சுத்தம் செய்தாலே வீக்கம் ஓரளவு குறையும். போதவில்லை என்றால் மாத்திரையை மாற்றலாமா என்று இதய டாக்டர் முடிவு செய்வார். ரத்தம் உறையாத மாத்திரையைத் திடீரென்று விடுவது, ஈறில் கொஞ்சம் ரத்தம் வருவதைவிட ஆபத்து. மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். அப்பாவுக்குப் பல் எடுக்க நேர்ந்தால், பஞ்சை அரை மணி நேரம் விடாமல் அழுத்திக் கடிக்கச் சொல்லுங்கள். அன்று முழுக்கத் துப்பவோ கொப்பளிக்கவோ வேண்டாம்.

கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1953 முதல் இயங்குகிறது, ஈறுக்குத் தனிப் பிரிவே உண்டு. கொளத்தூரிலிருந்து வருவதால் காலையில் சீக்கிரமே கிளம்பி வந்து ஓபி சீட்டுப் போட்டுவிடுங்கள்.